கழனித் தொட்டியும் கடைச் சீட்டும்

(மூன்றாம் ஆண்டு, பொருளாதாரம்)

உற்பத்தி, பரிமாற்றம், பகிர்வு, நுகர்வு என்று பொருளாதாரத்தை நான்கு கூறுகளாகப் பிரித்து நாம் படிக்கிறோம். பாகூர் வயலில் நெல் விளைவது உற்பத்தி. அது ஆலைக்கும் கடைக்கும் சென்று விலையாவது பரிமாற்றம். வீட்டில் சோறாகி உண்ணப்படுவது நுகர்வு. அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. உண்ணப்படாமல் போன சோற்றுக்குப் பாடநூலில் ஓர் அதிகாரம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் முழுவதும் நுகரப்பட்டதாகவே கொள்ளப்படுகிறது. இது எவ்வளவு பெரிய பிழை என்பதை அறிய நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. அவரவர் அடுக்களையின் பின்கட்டுக்குப் போனால் போதும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வீடுகளிலுமாக உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலேயே வீணாயிற்று என்றும் அது கூறுகிறது. இந்திய வீடுகளில் ஆண்டுக்குத் தலைக்கு 55 கிலோ. எங்கள் பேராசிரியர் இதை வகுப்பில் சொல்லி, நாள் கணக்காகப் போடச் சொன்னார். ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 கிராம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு முக்கால் கிலோ. நான் எழுந்து, “ஐயா, இது நகரத்துக் கணக்காக இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பருக்கை வீணாவதில்லை” என்றேன். “எடை போட்டுப் பார்த்தாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “போட்டுவிட்டு வந்து பேசு” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் விளைவே ஆகும்.

என் சந்தேகத்தில் ஓரளவு நியாயம் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இதற்கு முன் 2021இல் வந்த அறிக்கை இந்தியாவுக்குத் தலைக்கு 50 கிலோ என்று மதிப்பிட்டது. அது டேராடூனிலும், ஆந்திரத்தில் ராஜாம் என்னும் ஊரிலும் செய்யப்பட்ட சில ஆய்வுகளை ஆதாரமாகக் கொண்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் போன்ற இடங்களில் வாழ்க்கை வேறு விதமானது. இங்கே ஒரு காலும் வயலில், ஒரு காலும் தொழிற்பேட்டையில் வைத்துப் பிழைக்கிறோம்.

மேலும், அந்த அறிக்கை வாழைப்பழத் தோல், முருங்கைச் சக்கை, மீன் முள், முட்டை ஓடு ஆகியவற்றையும் கழிவாகச் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அதில் இரண்டு பத்திகள் போட்டேன். ஒன்றுக்குத் ‘தின்ன முடியாதது’ என்றும் மற்றொன்றுக்குத் ‘தின்றிருக்கலாம்’ என்றும் தலைப்பிட்டேன். தெருவில் மீன் விற்கும் ஓர் அம்மையாரிடம் பழைய தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். முப்பது நாள் கணக்கு எழுதினேன். வீட்டில் அப்பா, அம்மா, ஆயா, தம்பி, நான் என ஐந்து பேர். அப்பா கொத்தனார். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போகிறவர். ஊர் வில்லியனூர் கொம்யூனில் ஒரு சிற்றூர்.

கழனித் தொட்டி

முதல் நாளே ஓர் இடர்ப்பாடு. கழிவை எங்கே பிடிப்பது? அரிசி களைந்த நீர், காய் நறுக்கிய தோல், வடித்த கஞ்சியில் மிச்சம், தட்டில் மீந்த சோறு எல்லாம் சேரும் இடமாக எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. அதைக் கழனித் தொட்டி என்போம். அது மாட்டுக்கு உரியது. ஆனால் மாட்டை விற்று ஆறு ஆண்டு ஆகிறது. விழுப்புரம் சாலையை ஒட்டியிருந்த நஞ்சைகள் மனைப்பிரிவுகளாகி, வேலிக்கல் நட்டுக் கிடக்கின்றன. மேய்ச்சலுக்கு இடமில்லை, வைக்கோலை விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. தொட்டியில் இப்போது அம்மா துணி ஊற வைக்கிறார்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. எங்கள் வீட்டில் ஒன்றும் வீணாவதில்லை என்று நான் வகுப்பில் சொன்னது பொய்யன்று. அது ஆறு ஆண்டுக்கு முந்திய உண்மை. மாடு போய்விட்டது, மாட்டையும் சேர்த்துச் சமைக்கும் பழக்கம் போகவில்லை. ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போடுவது, கீரைத்தண்டைத் தாராளமாக நறுக்கித் தள்ளுவது எல்லாம் அப்படியே நடக்கின்றன. முன்பு அவை பாலாகத் திரும்பி வந்தன. இன்று நெகிழிப் பையில் கட்டித் தெருமுனையில் வைக்கிறோம். வண்டி வந்து எடுத்துப் போகிறது. ஈரமும் உலர்ந்ததும் ஒரே பையில் போய் ஒரே குவியலில் சேர்ந்தால், காற்றுப் புகாத அடியில் உணவு அழுகி மீதேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது.

ஒப்பிட்டுப் பார்க்க, பாகூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் வந்து நிரம்பும் பாகூர் ஏரியின் ஆயக்கட்டில் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. இரண்டு கறவை மாடுகள், ஏழெட்டுக் கோழிகள். நான் தராசோடு காத்திருந்தேன். எடை போட ஒன்றும் கிடைக்கவில்லை. தோல் மாட்டுக்கு, பருக்கை கோழிக்கு, மீன் செதிலும் குடலும் தென்னை அடிக்கு என்று என் கண்ணெதிரே மாயமாகிவிட்டன. “என்னடா, எங்கூட்டு குப்பைய எடை போட வந்தியா?” என்று அத்தை சிரித்தார்.

இதற்காகப் பழைய முறையே பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. மிச்சச் சோறு எவ்வளவானாலும் மாட்டுக்குப் போடலாம் என்று எண்ணுவது தவறு. மாவுச்சத்து மிகுந்தால் மாட்டின் முதல் இரைப்பையில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும். பொங்கலன்று அளவு மீறிப் பொங்கல் ஊட்டக்கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிப்பது இதனால்தான். கலியாண வீட்டுச் சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து மாட்டுக்குக் கவிழ்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று கிலோ ஐம்பது ரூபாய்

முப்பது நாள் முடிவில் நோட்டைக் கூட்டினேன். தின்ன முடியாதது 11 கிலோ. தின்றிருக்கலாம் என்ற பத்தியில் 6 கிலோ 400 கிராம். இரண்டும் சேர்த்துத் தலைக்கு நாளொன்றுக்கு 116 கிராம். அறிக்கை சொன்ன 150க்குக் குறைவுதான். ஆனாலும் வகுப்பில் எழுந்து நின்று பேசும் அளவுக்குக் குறைவன்று.

அந்த 6 கிலோ 400இல் எது அதிகம் என்று பார்த்தேன். தக்காளி மட்டும் 2 கிலோ 100. கீரையும் கொத்துமல்லியும் 1 கிலோ 150. புளித்து மீறிப்போன இட்லி மாவு 900 கிராம். பீன்ஸ், வாழைப்பழம், ரொட்டி முதலிய சில்லறைகள் சேர்ந்து 1 கிலோ 900. சோறு வெறும் 350 கிராம். சோற்றைப் பொறுத்தவரை என் மார்தட்டல் சரி என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தக்காளிக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய குட்டியானை வண்டி வரும். “மூணு கிலோ அம்பது ரூபா, மூணு கிலோ அம்பது ரூபா” என்று தெரு அதிரும். மளிகைக் கடையில் அன்று ஒரு கிலோ 25 ரூபாய். எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு இரண்டு கிலோ தாராளம். ஆயினும் மூன்று கிலோ வாங்காமல் இருக்க மனம் வருமா? முதல் வாரம் 900 கிராம் அழுகிற்று. உண்டது 2 கிலோ 100. ஐம்பது ரூபாயை 2.1 கிலோவால் வகுத்தால் கிலோ ஏறத்தாழ 24 ரூபாய். அதாவது கிலோவுக்கு எட்டு ரூபாய் ஆதாயம் என்று எண்ணி வாங்கியதில் உண்மை ஆதாயம் ஒரு ரூபாய்! கடையில் நாம் கேட்கும் விலை வேறு. வயிற்றுக்குள் போன விலை வேறு. கொடுத்த பணத்தை, வாங்கிய எடையால் அன்று, உண்ட எடையால் வகுக்க வேண்டும். இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்தால் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பலகைகளில் பல பொருளிழந்து போகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் ஒரு தக்காளிகூட அழுகவில்லை. அரைக்கால் கிலோ வாங்கி எண்ணி எண்ணிப் போட்டார் அம்மா. நெகிழ்ச்சி என்று தேவைக்குப் பாடம் படிக்கிறோமே, வீணாக்கலுக்கும் நெகிழ்ச்சி உண்டு. அது தேவையைக் காட்டிலும் விலைக்கு அதிகமாக அசைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தக்காளி மலிந்தால் தெருவோரத்தில் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிக்கு என்ன பாடம் சொல்வது என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆயாவின் காலத்தில் கொள்முதல் எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அன்றன்று கூலி, அன்றன்று பொட்டலம். கால் படி அரிசி, ஒரு கரண்டி எண்ணெய், நாலு மிளகாய். கடன் நோட்டில் எழுதிவைத்து அறுப்புக்கு அறுப்பு தீர்ப்பது. பெரிய சாமான் வேண்டுமென்றால் மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தை. சில்லறையாக வாங்குகிறவன் எப்போதும் அதிக விலை கொடுக்கிறான் என்பது உண்மை. ஏழைக்கு எல்லாம் விலை கூடுதல். ஆனால் பொட்டலத்தில் வந்தது பொட்டலத்தோடு தீர்ந்தது. வீணாவதற்கு மிச்சம் இருந்ததில்லை. இன்று அப்பாவுக்குச் சனிக்கிழமை வாரக் கூலி. அன்று மாலையே வில்லியனூர்க் கடைத்தெருவில் ஒரு வாரத்துக் காயும் வாங்கியாக வேண்டும். மறுநாள் பணம் கையில் இருக்குமா என்பது வேறு கவலை! எனவே நாங்கள் வாங்கும் நாளைத் தீர்மானிப்பது பசியன்று, சம்பள நாள். கீரையும் கொத்துமல்லியும் வாடுவதற்குக் காரணம் அம்மாவின் கவனக்குறைவு என்று அதுவரை எண்ணியிருந்தேன். வெள்ளிக்கிழமைக்கான கீரையைச் சனிக்கிழமையே வாங்கினால் எந்தக் கவனமும் அதைக் காப்பாற்றாது.

சிப்பம்

அரிசியின் கதை தனி. நம் புதுச்சேரியில் 2015இல் நியாயவிலைக் கடை அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. 2024இல் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டு அரிசி வழங்கப்பட்டது. அரிசியா பணமா என்ற வாதத்தை நாம் அனைவரும் அறிவோம். அதில் நான் இறங்கவில்லை. கொள்முதல் பழக்கத்தில் அது செய்த மாற்றத்தை மட்டும் சொல்கிறேன். பணம் வந்த ஆண்டுகளில் எங்கள் வீடு சிப்பத்துக்கு மாறியது. 2022 ஜூலை 18 முதல், அடைத்து முத்திரையிட்டு விற்கும் அரிசியில் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 5 விழுக்காடு வரி வந்தது. உடனே 26 கிலோ சிப்பங்கள் தோன்றின. ஒரு கிலோ அரிசி கூடினால் வரி இல்லை! வரிச் சட்டம் அடுக்களைக்குள் வந்து பானையின் அளவை மாற்றுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சிப்பமாக வாங்கினால் விலை குறைவுதான்; வைத்துக் காப்பது கடினம். நம் கடலோர ஈரக்காற்றில் அரிசி வண்டு விரைவில் பெருகும். பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து உள்ளேயே முட்டையிட்டு மூடிவிடுகிறது. சுமார் ஒரு மாதத்தில் புது வண்டு வெளிவருகிறது. ஆகவே கடையிலிருந்து வரும்போது சுத்தமாகத் தெரிந்த அரிசி, நாற்பதாம் நாள் அசைவது கடைக்காரர் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. வெயிலில் உலர்த்தி, ஈரமற்ற மூடிய பாத்திரத்தில் இட்டு, ஒரு மாதத்துக்கு மேல் வராத அளவே வாங்குவதுதான் வழி.

வயலிலிருந்து கிடங்கு வரை வருவதற்குள் தானியங்களில் 4.65 முதல் 5.99 விழுக்காடு வரை இழப்பாகிறது என்று லூதியானாவிலுள்ள அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் கணக்கிட்டது. ஒரு கிலோ நெல் விளைய வயலில் சராசரியாக 2,500 லிட்டர் நீர் தேவை என்பர். ஏரி நீரும் ஆழ்குழாய் நீரும் இவ்வளவு தாண்டி வந்த அரிசி அது.

ஆயா கேட்ட கேள்வி

நோட்டைக் கூட்டி முடித்த அன்று இரவு, சோறு 350 கிராம்தான் வீண் என்று வீட்டில் பெருமையாகப் படித்துக் காட்டினேன். 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவைத் துறக்கும்படி நாட்டைக் கேட்டுக்கொண்ட காலத்தை அறிந்தவர் ஆயா. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றபடி, “ஏண்டா, ஒன் நோட்டுல ஒங்கம்மா வயித்த எழுதனியா?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. மறுநாளிலிருந்து கவனித்தேன். நாங்கள் நால்வரும் உண்ட பிறகே அம்மா உட்காருகிறார். தட்டில் முதலில் விழுவது நேற்றைய சோறு. அதன்மேல் முந்தாநாள் குழம்பு. தம்பி பாதியில் வைத்த தோசை, நான் ஒதுக்கிய கத்தரிக்காய். புதுச் சோறு மிஞ்சினால் அது நாளைக்கு மறுபடி அவருக்கே. நான் தராசு வைத்திருந்த இடம் தவறு. எங்கள் வீட்டில் கழனித் தொட்டி மூடப்படவில்லை. அது இடம் மாறியிருந்தது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியின் அருகே கரையைக் கடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. ஒரு நாளில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. சங்கராபரணியிலும் பெண்ணையாற்றிலும் வெள்ளம் வந்து வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தாழ்ந்த ஊர்கள் நீரில் நின்றன. புயல் வருமுன் எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம்: பால், காய், முட்டை, ஞாயிற்றுக்கிழமைக்குக் கோழி என்று இரட்டிப்பாக வாங்கிக் குளிர்பெட்டியை நிரப்பினோம். மின்சாரம் போய்விட்டது. இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தபோது வாடை வந்தது. அம்மா கோழிக் குழம்பைக் கொட்ட மனமில்லாமல் கொதிக்க வைத்து, எங்களுக்குக் கொடுக்காமல், தான் மட்டும் உண்டார். அடுத்த ஐந்து நாள் வயிற்றுப்போக்கு. வெள்ள நீர்தான் காரணம் என்று சொன்னோம், அதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஆயாவின் கேள்விக்குப் பிறகு எனக்கு அந்தக் குழம்புச் சட்டிதான் நினைவுக்கு வருகிறது. அது நூறோ நூற்றைம்பதோ ரூபாய்க் குழம்பு. அவர் இழந்தது ஐந்து நாள் கூலி.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று. ஐந்து முதல் அறுபது டிகிரி வரையிலான வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுகின்றன. சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் சமைக்கும் கொதியிலும் சாவதில்லை; அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. நீரூற்றிப் புளிக்கவைத்துக் காலையில் உண்ணும் பழைய சோறு வேறு. மூடிவைத்து மறந்துபோன சோறு வேறு. முன்னது உணவு, பின்னதை உண்பது சிக்கனமாகாது.

எங்கள் வீட்டில் இப்போது சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். சனிக்கிழமைக் கூலியில் ஒரு பகுதியை அம்மா அரிசிப் பானைக்கு அடியில் எடுத்து வைக்கிறார்; புதன்கிழமை அதில் கீரையும் கொத்துமல்லியும் வாங்குகிறோம். கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவது; சீட்டில் பொருளின் பெயரோடு அளவும் எழுதுவது. இரவு வீட்டில் உண்ணாதவர் மாலை நான்கு மணிக்குள் சொல்லிவிடுவது. தம்பி இதில் இன்னும் தேறவில்லை. குட்டியானைத் தக்காளியை எதிர்வீட்டாரும் நாங்களும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். அரிசி அளக்கும் ஆழாக்கு ஒன்றை ஆயா பரணிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்; கைப்பிடிக் கணக்கு நின்றது. அம்மா எங்களோடு உட்கார்ந்து உண்பது மட்டும்தான் கடினமாக இருந்தது. “நீங்க சாப்புடுங்க, நான் அப்பறம்” என்ற சொல் முப்பது ஆண்டுப் பழக்கம். அப்பாவே தட்டை எடுத்துவைத்து, “நீ உக்காரு” என்று சொன்ன பிறகுதான் நடந்தது.

இரண்டாம் மாதமும் கணக்கு எழுதினேன். இம்முறை நோட்டில் மூன்று பத்திகள். மூன்றாவதற்கு ‘அம்மா’ என்று தலைப்பிட்டேன். பழையதை யார் தட்டில் எத்தனை முறை வைத்தோம் என்பதை அதில் குறிக்கிறேன். தக்காளி 600 கிராமாக இறங்கியிருக்கிறது. சோறு 350 கிராமிலிருந்து 800 கிராமுக்கு ஏறியிருக்கிறது. இந்த ஏற்றத்தைப் பேராசிரியரிடம் காட்டியபோது அவர் நோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூன்றாம் பத்தியில் விரலை வைத்து, “இது எங்கே போகிறது?” என்றார். முதல் மாதத்தில் எழுதாமல் விட்டதுதான் ஐயா என்றேன்.

கொத்துமல்லி இன்னும் வாடுகிறது. கடையில் கொசுறாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு இன்னும் வாய் வரவில்லை.